கனடா ஸ்டடி பர்மிட் தாமதம்: ஆன்லைனா, டெஃபரா, வேறு நாடா?

கனடாவில் செப்டம்பர் வகுப்பு தொடங்க மூன்று வாரம்தான் இருக்கிறது. அங்கே படிப்பதற்கான அனுமதியான ஸ்டடி பர்மிட்டுக்குப் போட்ட விண்ணப்பமோ இன்னும் பரிசீலனையில் இருப்பதாகவே காட்டுகிறது. இந்த நேரத்தில் மாணவருக்கு நாலு பக்கமிருந்தும் யோசனை வரும். ஏஜென்ட், சேர்க்கையை ஜனவரிக்குத் தள்ளிப்போடலாம், அதாவது டெஃபர் செய்யலாம் என்பார். உறவினர் ஒருவர், பேசாமல் லண்டனுக்கு மாறிவிடு என்பார். 2021இல் போன சீனியர், "நான் வீட்டிலிருந்தே ஆன்லைனில் தொடங்கினேன், ஒரு சிக்கலும் வரவில்லை" என்பார்.

இவற்றில் எனக்கு அதிகக் கவலை தருவது சீனியரின் யோசனைதான். அவர் சொல்வது உண்மை. ஆனால் அவர் காலத்து விதி இப்போது இல்லை.

2020 மார்ச் 18க்குள் பர்மிட் ஒப்புதல் பெறாத பெரும்பாலான மாணவர்கள் அப்போது கனடாவுக்குள் நுழையவே முடியவில்லை. அக்டோபர் 20க்குப் பிறகுதான், கோவிட் ஏற்பாடுகளுக்கு அரசின் ஒப்புதல் பெற்ற கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்குக் கதவு திறந்தது. அப்புறம் 2021 ஏப்ரல் 22 முதல் செப்டம்பர் பிற்பகுதி வரை இந்தியாவிலிருந்து நேரடி விமானங்களே கிடையாது. மெக்சிகோ, எகிப்து, மாலத்தீவு என்று மூன்றாவது நாட்டுக்குப் போய், அங்கே பிசிஆர் பரிசோதனை எடுத்து, அதன் பிறகு டொரண்டோவுக்கு விமானம் ஏறியவர்கள் ஏராளம். அந்தச் சூழலில், வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் படித்த காலத்தையும் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதிக்குக் கணக்கில் எடுத்துக்கொள்வோம் என்று கனடா அரசு சலுகை தந்தது. அதனால் அன்றைக்கு ஆன்லைனில் தொடங்கியது சரியான முடிவுதான்.

இன்று அந்தச் சலுகை இல்லை. 2023 ஆகஸ்ட் 31க்குப் பிறகு வெளிநாட்டில் இருந்தபடி ஆன்லைனில் படிக்கும் காலம் வேலை அனுமதிக்கான கணக்கில் சேராது. படிப்பில் பாதியாவது கனடாவில் இருந்து படித்ததாக இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. கட்டணமோ சர்வதேச மாணவருக்கான முழுக் கட்டணம். இதோடு நேர வித்தியாசத்தையும் பாருங்கள். செப்டம்பரில் வான்கூவரில் காலை 10 மணி வகுப்பு என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு 10.30. மதியம் 2 மணி ஆய்வக வகுப்பு என்றால் நள்ளிரவு தாண்டி 2.30. ஒரு செமஸ்டர் இப்படி ஓட்டிய பிறகு பர்மிட் நிராகரிக்கப்பட்டால், படித்த பாடத்துக்கான பணம் திரும்பி வராது. பர்மிட் கைக்கு வந்து, விமான டிக்கெட் மட்டும் ஓரிரு வாரம் தள்ளிப்போனவருக்கு ஆன்லைன் உதவும். மற்றவர்களுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

தாமதமாகப் போய்ச் சேருவது இதைவிட மேல், ஆனால் எல்லை குறுகியது. ஆஃபர் லெட்டரில் சேர்வதற்கான கடைசித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். அது தாண்டும் என்றால், தாமதமாக வர அனுமதிக்கிறோம் என்று கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். போனில் "வாங்க, பார்த்துக்கலாம்" என்பது போதாது. ஊரில் நமக்குக் கிடைப்பது ஒப்புதல் கடிதமும் விசாவும்தான். பர்மிட்டைக் கொடுப்பவர் கனடாவில் இறங்கும்போது விமான நிலையத்தில் இருக்கும் எல்லை அதிகாரி. வகுப்பு தொடங்கிய பிறகு ஏன் வருகிறாய் என்று அவர் கேட்டால் காட்டுவதற்கு அந்தக் காகிதம் வேண்டும்.

டெஃபர் என்பதில் இரண்டு வகை இருக்கிறது. பலரும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். விண்ணப்பத்தை அப்படியே வரிசையில் விட்டுவிட்டு, அதே கல்லூரியிடம் அடுத்த இன்டேக்குக்கு, அதாவது அடுத்த சேர்க்கைப் பருவத்துக்கு, புது ஆஃபர் லெட்டர் வாங்கி, கனடா குடிவரவுத் துறையின் இணையப் படிவம் (வெப் ஃபார்ம்) வழியாக அனுப்புவது ஒன்று. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புதிதாகப் போடுவது இன்னொன்று. சில ஏஜென்டுகள் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள். தகுந்த காரணம் இல்லாமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள். பரிசீலனை தொடங்கிவிட்டிருந்தால் விண்ணப்பக் கட்டணம் 150 கனடா டாலர் போனது போனதுதான். அது சின்ன இழப்பு. பெரிய இழப்பு வேறு. 2024 ஜனவரி 22 முதல் பெரும்பாலோருக்கு மாகாண உறுதிக் கடிதம், அதாவது இந்த மாணவருக்குத் தன் ஒதுக்கீட்டில் இடம் உண்டு என்று மாகாண அரசு தரும் கடிதம், கட்டாயம். அதற்குக் காலாவதித் தேதி உண்டு, எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு உண்டு. புதிதாகப் போடும் நாளில் செல்லுபடியாகும் கடிதம் கையில் இருக்க வேண்டும். கல்லூரியே மாறினால் அந்தக் கடிதமும் மாறும். அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலை, முனைவர் பட்டம் படிப்போருக்கு 2026 ஜனவரி 1 முதல் இதிலிருந்து விலக்கு. வாழ்க்கைச் செலவுக்குக் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டிய பணமும் கூடியிருக்கிறது: தனி ஆளுக்கு 20,635 டாலராக இருந்தது, 2025 செப்டம்பர் 1 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு 22,895.

ஆக, விண்ணப்பத்தை உயிரோடு வைத்துக்கொண்டு டெஃபர் செய்வதுதான் பெரும்பாலோருக்குச் சரி. அதிலும் சில இடர்கள் உண்டு. எல்லாப் படிப்புக்கும் ஜனவரி இன்டேக் இருக்காது. உதவித்தொகை கிடைத்திருந்தால் அது அடுத்த இன்டேக்குக்கும் வருமா என்று தனியாகக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். மருத்துவப் பரிசோதனை 12 மாதம்தான் செல்லும், ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் 2 ஆண்டு. இரண்டு முறை டெஃபர் செய்பவர் இந்தத் தேதிகளைத் தவறவிடுவது சகஜம்.

நீதிமன்றம் போவது பற்றியும் கேட்கிறார்கள். நியாயமில்லாத தாமதத்துக்கு முடிவெடுக்கச் சொல்லிக் கனடாவின் ஃபெடரல் நீதிமன்றத்தை நாடலாம். மனுக் கட்டணம் 50 டாலர்தான், வக்கீல் செலவுதான் பெரிது. உத்தரவு வந்தாலும் "முடிவெடு" என்றுதான் வரும், "ஒப்புதல் கொடு" என்று வராது. வழக்கமான காலத்தை வெகுவாகத் தாண்டியவர்களுக்கு மட்டும் இது பொருந்தும். அதற்கு முன்னால், கனடாவில் இருக்கும் ஒருவர் மூலம் 5 டாலர் கட்டி, தகவல் அறியும் சட்டத்தின் கீழ் உங்கள் விண்ணப்பத்தின் உள்குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். எங்கே நிற்கிறது என்று தெரியாமல் வக்கீலிடம் போவதில் பயனில்லை.

வேறு நாடு? பிரிட்டனில் விசா முடிவு பொதுவாக 3 வாரத்தில் வரும், முதுகலை ஓராண்டில் முடியும். ஆனால் படித்தபின் வேலை தேடத் தரும் 2 ஆண்டு, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கு 18 மாதமாகக் குறைகிறது. முனைவர் பட்டத்துக்கு மட்டும் குறைப்பில்லை. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. இந்திய மாணவர்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் வாங்க வேண்டும், மாதாமாதம் ஒரு தொகையை மட்டும் எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும். இவற்றுக்கு நேரம் பிடிக்கும் என்பதால், கனடா தாமதமாகிறதே என்று ஆகஸ்டில் தொடங்கி அதே குளிர்காலத்துக்குள் ஜெர்மனிக்குப் போய்விட முடியாது. படிப்பே முக்கியம், குடியேற்றம் இரண்டாம்பட்சம் என்பவருக்கு இவை நல்ல வழிகள். கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு கடன் வாங்கியவர், பதற்றத்தில் நாடு மாறக் கூடாது.

எதை முடிவு செய்தாலும், அதற்கு முன் கல்லூரியின் பணம் திருப்பித்தரும் விதியைப் படியுங்கள். பர்மிட் நிராகரிக்கப்பட்டால் நிர்வாகக் கட்டணம் போக மீதியைத் தரும் கல்லூரிகள் பல. நாமாக விலகினால் முன்பணத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும் கல்லூரிகளும் உண்டு. வகுப்பு தொடங்கும் நாளுக்கு முன் எழுதிக் கேட்பதற்கும் ஒரு வாரம் கழித்துக் கேட்பதற்கும் இடையே லட்சக்கணக்கான ரூபாய் வித்தியாசம் வரலாம்.