கரண்ட் வந்ததும் கிளம்பும் மணல்: என் வேவ்மேக்கர் அனுபவம்

உங்களிடம் இருக்கும் வேவ்மேக்கரின் (தொட்டி நீரை ஓடவைக்கும் பம்பின்) விலை இறங்கியிருக்கிறதே, இப்போது வாங்கலாமா என்று திருகோணமலை உப்புவெளியிலுள்ள நண்பர் கேட்டதால் இதை எழுதுகிறேன். அவருடைய தொட்டியும் என்னுடையதைப் போன்றதுதான்: நான்கடி நீளம், ஏறத்தாழ 220 லீற்றர் கடல்நீர், மென் முருகைகள் (கல்லாக இறுகாத பவளங்கள்), சில மீன்கள். நான் வைத்திருப்பது 24 வோல்ற்றில் ஓடும், மணிக்கு 8000 லீற்றர் என்று பெட்டியில் அச்சிட்ட டிசி (நேர்மின்னோட்ட) வேவ்மேக்கர். இதே உருவத்தில் பல பெயர்களில் விற்கப்படுவதால் பெயரைச் சொல்லிப் பயனில்லை.

நீரோட்டத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. முன்பு வைத்திருந்த பழைய பவர்ஹெட் பம்பு, தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தியது போல ஒடுங்கிய தாரையாகப் பீச்சும். அதன் நேரே இருந்த முருகை சுருங்கிக் கிடக்க, பாறைக்குப் பின்னால் கழிவு படிந்துகொண்டேயிருக்கும். அகன்ற விசிறியுள்ள இந்தப் பம்போ அதே அளவு நீரை விரிவாகவும் மெதுவாகவும் தள்ளுகிறது. முருகைக்கு நகரவும் முடியாது, செவுளும் கிடையாது. அதன் மேற்பரப்பை ஒட்டி நிற்கும் மெல்லிய அசையா நீர்ப்படலத்தைத் தாண்டித்தான் ஒட்சிசன் உள்ளே போகவும் கழிவு வெளியே வரவும் வேண்டும் என்பதால், அந்தப் படலத்தை மெலிதாக்கும் ஓட்டமே அதற்கு மூச்சு. என் லெதர் கோரல் என்ற மென் முருகை அவ்வப்போது மெழுகு பூசியது போன்ற தோலொன்றைப் போர்த்திக்கொண்டு மூடிவிடும். முன்பு நாட்கணக்கில் அப்படியே நின்றது, இப்போது அந்தத் தோல் ஓரத்திலிருந்து உரிந்து நீரோடு போவதைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பார்க்கலாம்.

மென் முருகைகளுக்குத் தொட்டி நீரின் அளவைப் போல மணிக்கு 10 முதல் 20 மடங்கு ஓட்டம் போதும் என்பது பொதுவான கணக்கு. அக்ரோபோரா போன்ற கல் முருகைகள் 30, 40 மடங்குக்கு மேலும் கேட்கும். அவற்றை நான் புறாத்தீவில் நீந்திப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆகவே என் பம்பு பாதி வேகத்தில் ஓடினால் போதும், அப்படித்தான் வைத்திருக்கிறேன், கரண்ட் போகும் வரை.

கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் இதன் கொன்ட்ரோலர் (வேகத்தையும் அலையையும் அமைக்கும் பெட்டி) நான் வைத்த எல்லாவற்றையும் மறந்துவிட்டு முழு வேகத்தில், அலையே இல்லாத ஒரே தள்ளலாகத் தொடங்குகிறது. மணிக்கு 36 மடங்கு! நான் வீட்டில் இல்லாத வேளையென்றால், திரும்பி வரும்போது பம்புக்கு எதிரே மணல் வழிக்கப்பட்டு அடிக்கண்ணாடி தெரியும். அந்த மணல் முழுவதும் மறுபக்கத்து மஷ்ரூம் முருகைகளின் மேல் குவிந்திருக்கும். விற்ற கடையில் கேட்டால், அது பழுதல்ல, அதன் இயல்பே அப்படித்தான் என்றார்கள். இயல்பாம்.

டிசி பம்பை நான் தேர்ந்ததற்கு முதற் காரணமே மின்தடைதான் என்பதால் எரிச்சல் இரட்டிப்பாகிறது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஓட்டம் நின்ற தொட்டியில் ஒட்சிசன் இறங்கிவிடும், அதுவும் நம்மூர் வெக்கையில் நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஒட்சிசனும் குறையும். இரண்டு 12 வோல்ற் பற்றரிகளைத் தொடராக இணைத்தால் 24 வோல்ற். பம்பு நிற்காது, உண்மை. ஆனால் மின்சாரத்திலிருந்து பற்றரிக்கு மாறும் அந்த இடைவெளியிலும் அது மறந்துவிடுகிறது. பற்றரியைக் காப்பாற்ற மெதுவாக ஓட வேண்டிய நேரத்தில்தான் முழு வேகத்தில் ஓடி அதைக் காலி செய்கிறது.

மற்றவை சில்லறை. கல்சியம் படிந்து இரைச்சல் கூடினால், பாதி வினாகிரி பாதி தண்ணீரில் விசிறியையும் காந்தத்தையும் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் அடங்கிவிடும். றப்பர் புஷ் அண்மையில் மாற்றினேன். மின்செலவு குறைவு, நீரையும் அதிகம் சூடாக்குவதில்லை.

இவ்வளவு புகழ்ந்த பின்னும், நண்பரே, விலை இன்னும் பாதியானாலும் இதை வாங்காதீர்கள். மணிக்கு 2000 லீற்றர் தள்ளும் சாதாரண 230 வோல்ற் வேவ்மேக்கர் இரண்டை எடுத்து, தொட்டியின் இரு முனைகளிலும் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பொருத்தி, இரண்டின் ஓட்டமும் முன்கண்ணாடியில் மோதிச் சிதறும்படி திருப்பி வையுங்கள். நினைவு வைத்திருக்க அவற்றுக்கு எதுவுமில்லை. கரண்ட் போனால் பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று போதும். என்னுடையதை நான் விற்கப்போவதில்லை, அந்த ஓட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறெதுவும் பிடிக்காது.

டிசிதான் வேண்டும் என்று நின்றீர்களானால், காசு கொடுக்க முன் கடையிலேயே ஒரு வாளித் தண்ணீரில் ஓடவிட்டு, வேகத்தைக் குறைத்து, பிளக்கைக் கழற்றி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். குறைத்த வேகத்திலேயே அது திரும்ப ஓடினால், எனக்கும் ஒன்று சேர்த்து வாங்கி வாருங்கள்.