மழை வந்தால் மட்டும் திக்கும் பெட்ரோல் கார்: கோளாறைப் பிடிக்கும் வழியும், பல மழைக்காலம் தாங்கும் வைத்தியமும்

கோடை முழுக்க ஒழுங்காக ஓடிய பெட்ரோல் கார் ஐப்பசி அடைமழையில் திக்க ஆரம்பிக்கும். சிக்னலில் நின்றால் ஐடிலிங் ஆடும், மேம்பாலம் ஏறும்போது மூன்றாம் கியரில் இடித்து இடித்துப் போகும். மறுநாள் வெயில் அடித்ததும் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். வொர்க்ஷாப்பில் விட்டால் "எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று சாவியைத் திருப்பித் தருவார்கள். காய்ந்த வண்டியில் இந்த மிஸ்ஸிங்கை (ஏதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் போவதை) தேடிப் பயனில்லை. ஈரத்தை நாமே உண்டாக்கித்தான் பிடிக்க வேண்டும்.

சுத்தமான தண்ணீரில் கரண்ட் அவ்வளவாகப் பாயாது. பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கின் வயர் மேலும், பேட்டரி கரண்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தும் காயில் மேலும் மாதக்கணக்கில் படிந்த தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, கடலோர ஊர்களில் உப்புக் காற்று, இவை நனைந்ததும்தான் பாதை உண்டாகிறது. அதனால் விடாமல் பெய்யும் மூன்றாம் நாள் மழையைவிட முதல் மழையும் தூறலும் அதிகம் படுத்தும். பிளக்குக்குப் போக வேண்டிய 15,000 முதல் 30,000 வோல்ட், அந்தப் பாதை வழியாக என்ஜின் உடம்புக்கு எர்த் ஆகிவிடும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பிளக் இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்டேஜ் வேண்டும். ஐடிலிங்கில் சமாளிக்கும் வண்டி ஏற்றத்தில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

தேய்ந்த பிளக்கின் பங்கைப் பலர் கவனிப்பதில்லை. 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 1.2 ஆகியிருந்தால் காயில் எப்போதும் கூடுதல் வோல்டேஜ் தந்துகொண்டே இருக்கும். வெயிலில் ரப்பரின் இன்சுலேஷன் அதைத் தாங்கிவிடும், ஈரத்தில் தாங்காது. ஆகவே காயில் விலை விசாரிக்கும் முன் பிளக்கைக் கழற்றி ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) அளந்து பாருங்கள். பாதி வண்டிகளில் வேலை அங்கேயே முடியும் என்பது என் கணிப்பு.

பற்றவைப்பைச் சந்தேகிக்கும் முன் இரண்டு விஷயங்களை ஒதுக்கிவிட வேண்டும். ஒன்று பெட்ரோல். மழை நாளில் பங்க்கில் நிரப்பிய பிறகு திக்க ஆரம்பித்து, வெயிலிலும் அது தொடர்ந்தால், கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. தண்ணீர் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனி அடுக்காகப் பிரியும். இன்னொன்று சார்ஜிங். மழையில் வைப்பர், ஹெட்லைட், ஏசி எல்லாம் சேர்ந்து ஓடுகின்றன, பெல்ட் நனைந்து வழுக்கவும் வழுக்கும். இவை எல்லாம் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. 12.5க்குக் கீழே போனால் காயிலை விட்டுவிட்டு, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள்.

காயிலின் கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும் பிளக் வயரும் உள்ள வண்டி என்றால் (அம்பாசிடர், பத்மினி, பழைய 800 வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்) சோதனை சுலபம். இருட்டில், திறந்த வெளியில், வண்டியை நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு ஸ்டார்ட் செய்து பானெட்டைத் திறங்கள். செடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் சாதாரணத் தண்ணீர் போதும், உப்புக் கலக்கத் தேவையில்லை. முதலில் ஒரு வயர் மேல் மட்டும் பனி போல அடித்து அரை நிமிடம் காத்திருங்கள். அப்புறம் அடுத்த வயர், அப்புறம் கேப் (டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி), கடைசியில் காயில். மொத்தமாக நனைத்துவிட்டால் எந்த இடத்தில் லீக் என்றே தெரியாது. லீக் ஆகும் இடத்தில் நீலப் பொறி தெரியும், டிக் டிக் என்று சத்தம் கேட்கும், அதே நொடியில் ஐடிலிங் விழும். ஓடும் என்ஜினில் வயரைக் கையால் தொடக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பானெட் பக்கமே வர வேண்டாம்.

மல்டிமீட்டர் இந்த இடத்தில் ஆளை ஏமாற்றும். வயரின் ரெசிஸ்டன்ஸ் சரியாக இருக்கலாம். பல வண்டிகளில் ஒரு வயருக்கு 25 கிலோ ஓம் வரை ஏற்கத்தக்கது. ஆனால் மீட்டர் சில வோல்ட்டில் உள் கம்பியை மட்டும்தான் அளக்கிறது. மழையில் தோற்பது மேலுள்ள ரப்பர், அதுவும் இருபதாயிரம் வோல்ட்டில். "மீட்டர்ல நல்லா காட்டுது" என்று பழைய வயரையே மாட்டித் தருவது இதனால் நடக்கிறது.

கேப்பைக் கழற்றி உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பித்தளை முனையிலிருந்து அடுத்ததற்குப் பென்சிலால் வேர் வரைந்தது போலக் கறுப்புக் கோடு ஓடினால் அது கார்பன் தடம். கார்பனில் கரண்ட் பாயும், அதனால் ஈரம் காய்ந்த பிறகும் கோளாறு போகாது. சுரண்டி ஓட்டலாம், ஆனால் அதே இடத்தில் திரும்ப வரும். கேப்பையும் அதற்குள் சுழலும் ரோட்டாரையும் சேர்த்தே மாற்றுங்கள். (1959இல் வந்த பிரிட்டிஷ் மினி காரில் டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரில்லுக்கு நேர் பின்னால் இருந்தது. மழைத் தண்ணீர் நேராக அதன் மேல் அடித்ததால், பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையின் விரல்களை நறுக்கி, வயர்களை அதில் நுழைத்துக் கேப்புக்கு மாட்டிவிட்டவர்கள் உண்டு. அசிங்கமான வைத்தியம், ஆனால் வேலை செய்யும்.)

ஒரு காயில் இரண்டு பிளக்குக்குக் கரண்ட் தரும் நான்கு சிலிண்டர் வண்டிகளில், 1, 4 சேர்ந்து அல்லது 2, 3 சேர்ந்து திக்கினால் காயிலைச் சந்தேகியுங்கள். ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் அதன் வயர் அல்லது பிளக்.

ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள இன்றைய கார்களில் தண்ணீர் அடித்துப் பார்ப்பதால் பெரிதாகப் பயனில்லை, பொறி பிளக் குழிக்குள்ளேயே ஒளிந்திருக்கும். இங்கே வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்களைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர்தான் கை கொடுக்கும். பி 0302 என்றால் இரண்டாம் சிலிண்டர், பி 0304 என்றால் நான்காவது, பி 0300 என்றால் மாறி மாறி. கோளாறு எண்ணை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃபிரேமை (கோளாறு வந்த நொடியில் என்ஜின் இருந்த நிலையின் பதிவை) படித்துக்கொள்ளுங்கள். லோடு அதிகம், ஆர்.பி.எம். குறைவு என்று இருந்தால் மேலே சொன்ன கதைதான். பிறகு, 0302 வந்திருந்தால், இரண்டாவது காயிலை அதன் ரப்பர் பூட்டோடு (பிளக்கின் மேல் மூடும் உறையோடு) நான்காவதில் மாட்டுங்கள், பிளக்கைத் தொட வேண்டாம். கோளாறு எண் 0304க்கு மாறினால் காயில் அல்லது பூட். இரண்டிலேயே நின்றால் பிளக், குழி, இன்ஜெக்டர். வண்டி ஓடும்போது காயிலை உருவி எந்தச் சிலிண்டர் என்று பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கரண்டுக்குப் போக இடமில்லாமல் நல்ல காயிலும் உள்ளே வெடித்துப்போகும்.

காயிலை வெளியே எடுத்ததும் பிளக்கின் வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் கரண்ட் வெளிப்பக்கமாக ஓடியிருக்கிறது. பூட்டின் உள்சுவரில் அதற்கு நேராக ஒரு தடம் இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் பூட்டில் உள்ள தடம் புதுப் பிளக்கையும் கெடுக்கும், ஆகவே இரண்டையும் மாற்றுங்கள். பல காயில்களுக்குப் பூட் தனியாகவே கிடைக்கிறது, முழுக் காயில் வாங்க அவசரம் வேண்டாம். பீங்கானின் அடியில், இரும்புப் பகுதியை ஒட்டிப் பழுப்பு வளையம் தெரிந்தால் பயப்படாதீர்கள். அது காற்றிலுள்ள எண்ணெய்த் துகள் ஒட்டிய கறை, கோளாறு அல்ல. அதைக் காட்டி நல்ல பிளக்கைத் தூக்கிப் போடுகிறவர்கள் ஏராளம்.

குழியில் தண்ணீர் நின்றால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் மூடக் கூடாது. கண்ணாடிக்குக் கீழே வைப்பர் கிரில்லின் வடிகால் துளையை வேப்பிலைச் சருகு அடைத்திருக்கும், அல்லது பானெட் ரப்பர் கிழிந்திருக்கும், அல்லது முந்தின நாள் வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை மேலேயே பிடித்திருப்பார்கள். தண்ணீருக்குப் பதில் ஆயில் நின்றால் டேப்பட் கவர் (என்ஜினின் மேல் மூடி) பேக்கிங் போய்விட்டது. ஆயிலில் ஊறிய பூட் உப்பி மெத்தென்று ஆகிவிடும், துடைத்துப் பயனில்லை. எதுவானாலும் பிளக்கைக் கழற்றும் முன் காற்றடித்துக் குழியைச் சுத்தமாக்குங்கள், இல்லாவிட்டால் அந்தச் சேறு சிலிண்டருக்குள் இறங்கும்.

பொருட்களைப் பற்றிச் சொன்னால், டபிள்யூ.டி. 40 ஸ்ப்ரே பெயரிலேயே இதற்கானது. 1953இல் உருவான அதன் பெயர், தண்ணீரை விரட்டும் கலவைக்கான நாற்பதாவது முயற்சி என்பதைக் குறிக்கிறது. நனைந்த கேப்பில் அடித்துத் துடைத்தால் அன்றைக்கு வீடு போய்ச் சேரலாம். அதையே பாதுகாப்புப் பூச்சாக விட்டுவைத்தால் தூசியைப் பிடித்துவைத்து அடுத்த மழையில் இன்னும் மோசமாக்கும். சூடான என்ஜினில் அடிக்காதீர்கள், தீப்பற்றும். பூட்டின் வாய்ப்பகுதி உள்விளிம்பில் மெல்லியதாகத் தடவிய சிலிகான் டைஎலெக்ட்ரிக் கிரீஸ்தான் பல மழைக்காலம் நிற்கிறது. பட்டாணி அளவு போதும், ஸ்பிரிங் முனையில் அப்ப வேண்டாம், அது கரண்டைக் கடத்தாத பொருள். வீல் பேரிங் கிரீஸ் ரப்பரை உப்பவைக்கும். இன்சுலேஷன் டேப் சுற்றுவது என்ஜின் சூட்டில் பசை இளகி ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கிற வேலை.

புதுப் பிளக் மாட்டும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் 14 மில்லிமீட்டர் புதுப் பிளக்கைக் கையால் இறுக்கி, வாஷர் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல்.

செக் என்ஜின் லைட் நின்று எரிந்தால் மெதுவாக வீடு வரை ஓட்டலாம். விட்டு விட்டு மின்னினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுக்கொண்டிருக்கிறது, ஓரம் கட்டி நிறுத்துங்கள். தேங்கிய தண்ணீரில் போகும்போது திக்காமல் ஒரே அடியில் நின்றுபோனால் அது மிஸ்ஸிங்கே அல்ல, சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். திரும்பச் சாவியைத் திருப்பினால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட் வளையும். தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, பிளக்குகளைக் கழற்றி, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.