கோழிக் கொட்டகையில் பதிவான ரெக்கார்டு

அமெரிக்க ராக் கிட்டார்காரர் லிங்க் ரே 1971இல் தன் பெயரிலேயே வெளியிட்ட எல்பி (பெரிய இசைத்தட்டு), மறுபதிப்பு. வாங்கக் காரணம் இசை இல்லைங்க. கோழிக் கொட்டகையில் பதிவானது என்று படித்தேன், பல்லடம் பக்கம் பிராய்லர் பண்ணை வைத்திருப்பவனுக்கு அது போதாதா?

அமெரிக்காவின் மேரிலாண்டில் அக்கோகீக் என்ற ஊரில், குடும்பத்துப் பண்ணைக் கொட்டகைக்குள் மூணு தடத்தில் மட்டுமே ஒலி பதியும் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு பதிவு செய்திருக்கிறார்கள். கிட்டார் சத்தம் உள்ளே அடங்காததால் ஸ்பீக்கரை வெளியே வைத்து, ஜன்னல் வழியாக மைக். சில இடங்களில் டிரம்ஸுக்குப் பதிலாகத் தரையை மிதித்திருக்கிறார்கள், ஆணி டப்பாவைக் குலுக்கியிருக்கிறார்கள். ஒரு பேட்ச் கோழியை ஏற்றி அனுப்பியதும் காலி ஷெட்டில் பிளேயரை வைத்துக் கேட்டேன். தகரக் கூரைக்கு அடியில் அந்த மிதி நெஞ்சில் வந்து விழுகிறது.

குரல் கரகரப்புதான். சில இடங்களில் மூச்சு எட்டாமல் வரி பாதியில் முறிகிறது. ஆனால் பாடுவது ஒற்றை நுரையீரல். ராணுவத்தில் இருந்தபோது வந்த காசநோயில் மற்றொன்று போய்விட்டது, இனிப் பாட முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஷாவ்னி என்ற அமெரிக்கப் பழங்குடிக் குடும்பம், சின்ன வயதில் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலுக்குப் பயந்து ஒளிந்த ஆள், இதற்கா அடங்குவார்? கிட்டாரைப் பேசவிட்டார். ஸ்பீக்கர் காகிதத்தைப் பென்சிலால் குத்திக் கிழித்து அந்த உறுமலைக் கொண்டுவந்தார். 1958இல் அவருடைய 'ரம்பிள்' வந்தபோது, ஒரு வார்த்தைகூட இல்லாத அந்த இசையைச் சில ரேடியோ நிலையங்கள் தடை செய்தன! அதைப் போனில் போட்டுக் காட்டினேன். நார்த்தூள் பரப்பிக்கொண்டிருந்த தம்பி, "ஏனுங்ண்ணா, மோட்டாரு எரிஞ்சு போச்சுங்களா?" என்று ஓடி வந்தான்.

அந்த உறுமலை எதிர்பார்த்து இந்த எல்பியை வாங்காதீர்கள். 'ரம்பிள்' இதில் இல்லை. இது மண்வாசனைப் பாட்டு. 'ஃபாலிங் ரெயின்' ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம். இரண்டாம் பக்கம் கொஞ்சம் இழுவை.

அப்போது இது பெரிதாக விற்கவில்லை. அப்புறம் டென்மார்க்கில் குடியேறி, 2005இல் 76 வயதில் சாகும் வரை மேடையேறினார். ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் மரியாதை 2023இல்தான். ரொம்ப சீக்கிரம்!

இசைத்தட்டின் அச்சு சுத்தம், கீறல் சத்தம் இல்லை. அட்டை மூலை மட்டும் கூரியரில் மடங்கி வந்தது, கடைக்காரர் பதிலே போடவில்லை. ஆர்டர் போடும்போதே கெட்டியான பெட்டி கேளுங்கள்.