கொத்துக் கடையா, உப்புவெளிக் கடற்கரையா?

திருகோணமலைக்கு வருகிற சொந்தக்காரரை இரவுச் சாப்பாட்டுக்கு எங்கே கூட்டிப்போவது? ருசிக்காக மட்டும் என்றால் நான் நகரத்துக்குத்தான் போவேன்.

பஸ் நிலையத்துப் பக்கத்துக் கடையில் கணவாய்க் கொத்துக் கேட்டால் பத்து நிமிடத்தில் ஆவி பறக்க வரும். கல்லில் தகடு தட்டுகிற சத்தத்திலேயே பசி கூடிவிடும். குழம்பை இன்னொரு தரம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள்; கூட்டிப்போன எல்லாரும் மெச்சியது அதைத்தான். இடம்தான் நெருக்கடி. சாப்பிட்டு முடிக்குமுன் முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கும். அம்மாவோடு போனபோது எனக்கு அது மிகவும் கஷ்டமாக இருந்தது.

உப்புவெளியில் பியரும் விற்கிற கடற்கரை உணவகம் வேறு மாதிரி. சுட்ட மீன் அருமை, காற்று அதைவிட அருமை, பிள்ளைகள் மணலில் ஓடலாம். ஆனால் ஓகஸ்டில், வெளிநாட்டுக்காரர் நிறைந்திருந்த ஒரு நாள், முக்கால் மணித்தியாலம் காத்திருந்தோம். உறைப்பும் குறைவு, முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம் சேரும். அப்புறம், போயா தினத்தில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், பியர் கிடையாது. நாடு முழுக்க அப்படித்தான்.