28,500 ரூபாய்க்கு 40 பிரதிகள்: சொந்தக் காசில் புத்தகம் போட நினைப்பவர்கள் கவனத்துக்கு

நேற்று மாலை பதிப்பகத்திலிருந்து என் சிறுகதைப் புத்தகப் பார்சல் வந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆறப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

எழுத்தாளரிடம் பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தருகிற பதிப்பகம் அது. பெயர் சொல்லப்போவதில்லை. 200 பிரதிகள், அட்டை வடிவமைப்பு, ஐஎஸ்பிஎன் எண் (ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்), ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் விற்பனை, எல்லாம் சேர்த்து 28,500 ரூபாய் என்றார்கள்.

பன்னிரண்டு வருடமாக இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து எழுதிய பதினான்கு கதைகள். நண்பர்களுக்கு அனுப்பினால் "வாரக் கடைசியில் படிக்கிறேன்" என்பார்கள். எந்த வாரம் என்று சொல்லமாட்டார்கள். பதிப்பகத்துக்காரரோ போனில், "மூன்றாவது கதையில் பாட்டி சாவிக்கொத்தை அரிசிப் பானைக்குள் போட்டு மறைக்கிற இடம் இருக்கிறதே, அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை சார்" என்றார். அந்தப் பத்தியை எழுத எனக்கு நான்கு இரவுகள் ஆயின. இதுவரை ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை. அன்றிரவே 28,500 ரூபாயையும் மொத்தமாக அனுப்பினேன். (இப்போது யோசித்தால், அவர் உண்மையிலேயே அதற்குமேல் படித்திருக்கமாட்டார்.)

பிறகு ஆரம்பித்தது. அட்டை லாமினேஷனுக்குப் போயிருக்கிறது. பைண்டிங்கில் ஆள் இல்லை. காகித விலை ஏறிவிட்டது. கண்காட்சி தொடங்கி, முடிந்து, அரங்குகளைப் பிரித்தும் விட்டார்கள், புத்தகம் வரவில்லை. கடைசியாகக் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். "படைப்பாளி பணத்தைப் பற்றி இவ்வளவு பேசலாமா சார்?" என்றார். பணம் கொடுத்ததும் நான், கூசிப்போய் போனை வைத்ததும் நான்தான்!

வந்தவை 40 பிரதிகள். முதல் பக்கத்தைப் புரட்டினேன். 'கோகிலா' என்ற பெயரில் க தனியாக நிற்கிறது. முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் வால்போலத் தொங்குகிறது. கொம்பு உள்ள எழுத்தெல்லாம் புத்தகம் முழுக்க இப்படித்தான். பக்க வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் இப்படி உடையும். அச்சுக்குப் போகுமுன் ஒரே ஒரு பக்கத்தை யாராவது பார்த்திருந்தால் போதும்.

இதைவிட வலித்தது இன்னொன்று. என் கல்லூரி நண்பன் மூன்று வாரம் உட்கார்ந்து, பென்சிலால் கோடு போட்டு மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தான். அந்தத் திருத்தம் ஒன்றுகூட ஏறவில்லை. பழைய கோப்பையே அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் நன்றியுரை மட்டும் ஒழுங்காக வந்திருக்கிறது: 'பிழையின்றி மெய்ப்புப் பார்த்த நண்பனுக்கு' என்று, அவன் பெயரோடு. ஒரு பிரதியை அவனிடம் கொடுத்தேன். நான்கு பக்கம் புரட்டினான். "என் பெயரையாவது எடுத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான். இன்று காலை கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

பின்னட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேடினால் ஒரு சமையல் புத்தகம் வருகிறது. அதற்கென்று 28,500 ரூபாயில் 3,000 ரூபாய் தனியாகக் கணக்குக் காட்டியிருந்தார்கள். இந்தியாவில் அந்த எண்ணை அரசு நிறுவனம் இலவசமாகவே தருகிறது. எழுத்தாளரே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். அச்சுக்குப் போகிற பிடிஎஃப் கோப்பைப் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள். ஒப்பந்தத்தைப் படியுங்கள்; நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில் மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்படம் என்று எல்லா உரிமையும் அவர்களுக்கே போயிருக்கிறது. காலவரையறை எழுதாவிட்டால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்தாண்டு என்று கணக்காம். அதாவது பாட்டியின் சாவிக்கொத்து ஐந்து வருடத்துக்கு என்னுடையது இல்லை.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். மீதி 160 பிரதிகள் "அடுத்த வாரம்" வருமாம். வந்தாலும் முதலில் நன்றியுரைப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் யாருக்கும் கொடுப்பேன்.