கடல் குதிரை, குழல்மீன்: பையைப் பார்ப்பதா, வளையத்தை எண்ணுவதா?

கடல் குதிரையோ குழல்மீனோ ஆய்வு மேசைக்கு வந்தால், அதன் பேரினத்தையும் இனத்தையும் கண்டுபிடிக்க நான்கு வழிகள் உண்டு. நிறமும் உருவமும் பார்ப்பது ஒன்று. ஆணின் அடைகாக்கும் பை எங்கே அமைந்திருக்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது, உடலைச் சுற்றியுள்ள எலும்பு வளையங்களை எண்ணி, உடல் நெடுக ஓடும் முகடுகளின் (மேடான விளிம்புகளின்) போக்கைத் தொடர்வது. கடைசியாக டிஎன்ஏ. நான் முதலில் எடுப்பது ஊசியும் லென்ஸும்தான், அதாவது வளையக் கணக்கு.

குடும்பம்வரை போக யாருக்கும் சிரமம் இருக்காது. குழல் வாய், பல் கிடையாது, செதில் கிடையாது, இடுப்புத் துடுப்பும் கிடையாது. செவுள் சிறு குஞ்சங்களாகச் சுருண்டிருக்கும். இவை எல்லாம் சேர்ந்திருந்தால் சிங்னாதிடே குடும்பம். இடுப்புத் துடுப்பு விசிறியாக விரிந்திருந்தால் அது பக்கத்துக் குடும்பமான சொலெனோஸ்டோமிடே. அங்கே முட்டையைச் சுமப்பது பெண், அதுவும் அந்தத் துடுப்புகளுக்கு இடையில். சிக்கல் எல்லாம் சிங்னாதிடேவுக்கு உள்ளேதான்.

நிறத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. உயிரோடு இருக்கும்போதே மாறும், பதப்படுத்தும் பார்மலினில் போனால் வெளுக்கும். ஹிப்போகேம்பஸ் ட்ரைமாகுலேட்டஸ் என்ற கடல் குதிரை இனத்தின் பெயரிலேயே மூன்று புள்ளிகள் இருந்தாலும் பல மாதிரிகளில் அந்தப் புள்ளிகள் தெரிவதே இல்லை. தோல் இழைகளும் முட்களும்கூட வயதுக்கேற்ப மாறுபடும். சிறியவற்றில் கூர்மையாக இருக்கும் முள் வளர்ந்தவற்றில் மழுங்கிக் கிடக்கும்.

பை அப்படித் தள்ளிவிடக்கூடியதல்ல. நெரோபிஸ் என்ற குழல்மீன் பேரினத்தில் பையே இல்லை, முட்டைகள் ஆணின் வயிற்றுத் தோலில் வெறுமனே ஒட்டியிருக்கும். சிங்னாதஸ் என்ற இன்னொரு குழல்மீன் பேரினத்தில் வாலுக்கு அடியில் இரண்டு தோல் மடிப்புகள் நடுவில் சந்தித்து மூடும். கடல் குதிரையில் முழுதாக மூடிய பை, மேலே ஒரு சிறு துளை மட்டும். உடலில் சுமப்பவை, வாலில் சுமப்பவை என்று பழைய வகைப்பாட்டாளர்கள் பிரித்தது பெரும்பாலும் சரியே என்று மரபணு ஆய்வுகளும் சொல்கின்றன. இன்று நெரோபினே, சிங்னாதினே என்ற இரண்டு துணைக்குடும்பங்கள் ஏறத்தாழ அதே கோட்டில்தான் பிரிகின்றன. கடல் குதிரைகள் இரண்டாவதற்குள், குழல்மீன்களுக்கு நடுவிலேயே உட்காருகின்றன. லின்னேயஸ் 1758இல் கடல் குதிரையைச் சிங்னாதஸ் பேரினத்தில் வைத்தார், ரஃபினெஸ்க் 1810இல் ஹிப்போகேம்பஸ் என்று தனியே எடுத்தார். லின்னேயஸ் ஒன்றும் அப்படிப் பிழை செய்துவிடவில்லை.

ஆனால் குடும்ப மரம் வரைய உதவும் அடையாளம் மேசையில் உதவ வேண்டும் என்று கட்டாயமில்லை. பெண்ணுக்குப் பை கிடையாது, முதிராத ஆணிலும் தெளிவாக இருக்காது. பை இருந்தாலும் விதிவிலக்கு உண்டு: பார்கிபான்டி போன்ற குட்டிக் கடல் குதிரைகள் வாலில் சுமக்கும் கிளையைச் சேர்ந்தவையாக இருந்தும் உடற்பகுதியில்தான் அடைகாக்கின்றன. சிங்னாதஸையும் ஹிப்பிக்திஸ் என்ற மற்றொரு குழல்மீன் பேரினத்தையும் எடுத்துக்கொண்டாலோ, இரண்டுக்கும் பை வாலடியில்தான். அங்கே பையைப் பார்த்துப் பயனே இல்லை.

வளையம் பெண்ணிலும் இருக்கும், குஞ்சு வளர்ந்த பிறகும் எண்ணிக்கை கூடாது, காய்ந்த மாதிரியிலும் அழியாது. என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது இது ஒன்றுதான். எண்ணும் முறையில்தான் கவனம் வேண்டும். மேற்பரப்பில் உள்ள சளிப்படலத்தை ஈர டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு, விளக்கை மேலிருந்து காட்டாமல் பக்கவாட்டில் தாழ்த்தி வையுங்கள். முகடுகள் நிழலோடு எழுந்து நிற்கும். பத்து மடங்கு லென்ஸ் போதும். மார்புத் துடுப்பின் அடி எந்த வளையத்தில் பதிந்திருக்கிறதோ அது முதல் உடல் வளையம். மலத்துளை இருக்கும் வளையம் கடைசி உடல் வளையம். அதற்குப் பின்னால் தொடங்குவது வால். குழல்மீனில் வால் துடுப்பைத் தாங்கும் நுனித் துண்டைச் சேர்க்கக் கூடாது. ஊசி முனையை ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் வைத்து நகருங்கள், இரண்டு வளையம் சந்திக்கும் கோட்டில் வைத்தால் எண்ணிக்கை ஒன்று கூடிவிடும்.

பெரும்பாலான பிழை தொடக்கத்திலேயே வருகிறது. செவுள் மூடிக்குப் பின்னால் இருக்கும் தட்டைத் தனி வளையமாக எண்ணிவிடுவார்கள். கடல் குதிரையில் இதைப் பிடிக்க எளிய வழி உண்டு: குட்டி வகைகளை விட்டுவிட்டால் உடல் வளையம் அநேகமாக 11தான். 10 அல்லது 12 வந்தால் உடனே மீனைச் சந்தேகிக்காதீர்கள், முதலில் தொடங்கிய இடத்தைப் பாருங்கள். ஹிப்போகேம்பஸ் குடா என்ற கடல் குதிரை இனத்தில் முதுகுத் துடுப்பின் அடி இரண்டு உடல் வளையங்களையும் ஒரு வால் வளையத்தையும் தொட்டு நிற்கும்; உடல் எங்கே முடிந்தது என்பதற்கு இது இரண்டாவது சாட்சி. பை உப்பிய ஆணில் கீழ் முகடுகள் இழுபட்டிருக்கும், மேல் முகட்டின் வழியாகவே எண்ணுங்கள். காய்ந்து சுருண்ட வாலை நிமிர்த்தப் போனால் உடையும். வெளி விளிம்பைத் தொடர்ந்தே எண்ணலாம். நுனி கூர்ந்து முடியாமல் மொட்டையாக இருந்தால் வால் கணக்கை நம்ப வேண்டாம்.

குடாவில் வால் வளையம் 36ஐ ஒட்டி வரும், ட்ரைமாகுலேட்டஸில் 40, 41. ஒன்றிரண்டு தப்பினாலும் குழப்பம் வராத இடைவெளி. முன்பு சொன்ன சிங்னாதஸ், ஹிப்பிக்திஸ் வழக்கில் எண்ணக்கூட வேண்டாம், முகட்டைத் தொடர்ந்தால் போதும். சிங்னாதஸில் உடலின் கீழ் முகடு வாலின் கீழ் முகடாக நேராகத் தொடரும், பக்க முகடு மலத்துளையருகே நின்றுவிடும். ஹிப்பிக்திஸில் கீழ் முகடு மலத்துளை வளையத்தோடு முடியும், பக்க முகடுதான் வளைந்து இறங்கி வாலின் கீழ் முகடாகும். ஊசியை முகட்டின் மேல் வைத்து பின்னோக்கி இழுத்தாலே விரல் சொல்லிவிடும்.

எல்லா இடத்திலும் இப்படி ஆகாது. குடாவுக்கும், ஹிப்போகேம்பஸ் கோமெஸ் என்ற இன்னொரு கடல் குதிரை இனத்துக்கும் வால் கணக்கு ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். அங்கே கன்ன முள் இரட்டையா, ஒற்றையா என்று பார்க்க வேண்டும், இரட்டை என்றால் கோமெஸ் பக்கம் சாயலாம். குட்டிக் கடல் குதிரைகளில் தோல் தடித்து வளையம் மங்கிவிடுவதால் இந்த லென்ஸ் கணக்குக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்; எக்ஸ்ரே எடுப்பதே மேல்.

மிச்சமிருக்கும் சந்தேகத்துக்கு டிஎன்ஏ. அதற்கான திசுவை பார்மலினில் போடும் முன்பே எடுத்து எத்தனாலில் வைக்க வேண்டும், பார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். வசதியாகக் கிடைக்கிறதே என்று வால் நுனியை மட்டும் வெட்டாதீர்கள், வளையக் கணக்கு அதோடு போய்விடும். மார்புத் துடுப்பில் வலப்பக்கத்தைக் கொஞ்சம் நறுக்கிக்கொண்டு, கணக்கெடுப்பதற்கு இடப்பக்கத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.