கீழக்கரையில் ஒரு நான்கு நாள் பானெட் வகுப்பு

இங்கிலாந்தில் குடியேறியவர்கள் நம் ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு 12 மாதங்கள் வரைதான் கார் ஓட்டலாம். அதற்குப் பிறகு அந்நாட்டுத் தேர்வில் தேறியே ஆக வேண்டும். அங்கே வசிக்கும் நான் முதல் முறை தோற்றுவிட்டு விடுமுறைக்குக் கீழக்கரை வந்திருந்தபோது, ஊரில் உள்ள ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் நான்கு நாள் வகுப்பில் சேர்ந்தேன். வண்டி ஓட்டப் பழகுவதற்காக அல்ல, தேர்வில் வரும் வண்டிப் பராமரிப்புக் கேள்விகளுக்காக மட்டும். "இதுக்குமா காசு கட்டுவே?" என்று உம்மா கேட்டது நியாயந்தான். அந்தத் தேர்வில் புறப்படும் முன் 14 கேள்விகளில் ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஓடும் வண்டியில் 7 செயல்களில் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். இரண்டிலும் தவறினாலும் ஒரே ஒரு சிறு பிழையாகத்தான் எழுதுவார்கள், 15 சிறு பிழைகள் வரை தேர்ச்சி உண்டு. ஆனால் முதல் தேர்வில் பிரேக் ஆயிலைக் காட்டச் சொன்னபோது பானெட்டைத் திறக்கும் கொக்கியே எனக்குத் தட்டுப்படவில்லை. அந்தப் பதற்றத்தோடு கிளம்பியவள் முதல் ரவுண்டானாவிலேயே தோற்றேன்.

பயிற்றுநரை எல்லாரும் காக்கா (அண்ணன்) என்றே அழைக்கிறார்கள். வளைகுடாவில் பல ஆண்டுகள் வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். முதல் நாள் முழுவதையும் டயருக்கே கொடுத்தார். "விடையை மனப்பாடம் பண்ணாதேம்மா, முதல்ல கைய வச்சுப் பாரு" என்று என்னைக் குனிய வைத்தார். டயரின் மேல் புடைத்து நிற்கும் பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போனால், ஆங்காங்கே குறுக்கே சிறு மேடுகள் தட்டுப்படும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மீதமிருப்பது 1.6 மில்லிமீட்டர்தான் என்று பொருள். இங்கிலாந்துச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழமும் அதுவே, டயர் அகலத்தின் நடு முக்கால் பங்கிலும், சுற்று முழுவதிலும். இதையே நான் முன்பு தாளில் பத்து முறை படித்திருக்கிறேன், ஒருமுறையும் மனத்தில் நிற்கவில்லை. உள்பக்கச் சுவரைத் தடவிப் பார்க்கும்போது, ஏர்வாடிப் பக்கம் போய்வந்த வண்டியின் டயரில் ஒடிந்து நின்ற கருவேல முள் ஒன்று என் விரலில் குத்தியது. வெட்டும் புடைப்பும் இருக்கக் கூடாது என்ற விடையின் மற்றொரு பகுதி அதன்பின் எனக்கு மறக்கவே இல்லை.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் பற்றிய பாடமும் இந்த மண்ணிலிருந்தே வந்தது. உப்புக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றப்பட்டிருந்த பழைய ரேடியேட்டர் மூடி ஒன்றை எடுத்து, உள்ளே படிந்திருந்த வெள்ளைப் பொருக்கை நகத்தால் சுரண்டிக் காட்டினார். எஞ்சின் ஆயிலுக்கு, ஒரு பக்கச் சக்கரங்களை மணல் மேட்டில் ஏற்றி நிறுத்தி ஒருமுறை ஆயில் அளவுக் கம்பியைத் துடைத்துவிட்டுப் பார்த்தோம். பிறகு சமதளத்தில் நிறுத்தி மறுபடியும் பார்த்தோம். ஆயில் கோடு இடம் மாறியிருந்தது. பிரேக்குக்கு அவர் தனியாக எதுவும் செய்யத் தேவையிருக்கவில்லை: இரவெல்லாம் கடற்காற்றில் நின்ற வண்டியின் டிஸ்க்கில் மெல்லிய துரு படிந்திருக்க, காலையில் முதல் மிதியில் அது கரகரத்தது. கிளம்பியவுடன் பிரேக்கைச் சோதிக்க வேண்டும், மிதி பஞ்சுபோல அமுங்கக் கூடாது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கக் கூடாது என்பதையெல்லாம் அங்கேயே சொல்லி முடித்தார்.

குறைகளும் உண்டு. பள்ளியின் வண்டி பழையது. பின் கண்ணாடிக்கு வைப்பரும் இல்லை, பனியைப் போக்கும் சூடேற்றியும் இல்லை. நம் வெயிலில் அதை யார் தேடப் போகிறார்கள் என்றாலும், ஓட்டியபடியே செய்து காட்டவேண்டிய ஏழில் இரண்டு இதனால் தாளில் வரைந்து காட்டுவதோடு நின்றுபோயின. ஹாரன், சன்னல் கண்ணாடி, முகப்பு விளக்கு ஆகியவற்றை மட்டும் ஏர்வாடிச் சாலையில், கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமல் கையால் தேடிப் பழக முடிந்தது. அது நல்ல பயிற்சி. இதைவிட என்னை எரிச்சலூட்டியது அவர்கள் கொடுக்கும் நகல் தாள். இரண்டு கேள்விகளையும் வண்டி நிற்கும்போதே கேட்பார்கள் என்று அதில் இருக்கிறது. 2017 டிசம்பர் 4 முதல் அந்த முறை இல்லை. சொன்னேன், "மாத்திடுவோம்மா" என்றார். நான் ஊரை விட்டுக் கிளம்பும் வரை தாள் மாறவில்லை.

பாடம் முழுவதும் தமிழில் நடப்பதால் புரிதல் ஆழமாகிறது. ஆனால் தேர்வில் ஆங்கிலத்திலோ வெல்ஷ் மொழியிலோதான் பதில் சொல்ல முடியும். மொழிபெயர்ப்பாளரை அழைத்துச் செல்லும் வசதி 2014-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே ஒவ்வொரு மாலையும் வீட்டில் அன்றைய விடைகளை வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்பது நம் பொறுப்பு. இரண்டாம் முறை என்னிடம் கேட்கப்பட்டது டயரைப் பற்றித்தான். பதில் சொல்லும்போது என் விரல்கள் தாமாகவே காற்றில் ஒரு பள்ளத்தைத் தடவிக்கொண்டிருந்தன, இம்முறை தேறிவிட்டேன்.

சேர நினைப்பவர்கள் காலை முதல் வகுப்பையே கேட்டு வாங்குங்கள். வண்டி அதற்குள் யாரையாவது ஏற்றிக்கொண்டு இராமநாதபுரம் போய்வந்திருந்தால், எஞ்சின் ஆறும் வரை காக்கா பானெட்டைத் தொட விடமாட்டார். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.